கிரில் கதவுக்கு வெளியே ஒரு வாப்பா

எங்கள் வீட்டு முன்னறையில் இப்போது சோபா கிடக்கிறது. வருகிறவர்கள் அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "வீட்ட எவ்வளவு சுத்தமா வச்சிருக்கிய" என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். பிள்ளைகள் இருந்த காலத்தில் இந்த அறை இதைவிடச் சுத்தமாக இருந்தது என்றால் யாரும் நம்புவதில்லை. அப்போது இங்கே சோபா கிடையாது, டீப்பாய் கிடையாது, கூரான மூலை என்று ஒன்று கிடையாது. தரை முழுக்க நீலப் பாய்கள். பினாயில் வாசனையும் காய்ச்சிய பாலின் வாசனையும் கலந்து அடிக்கும். இப்போதும் அடுப்பில் பால் பொங்கி வரும்போது யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. முன்னறையில் பல வருஷம் குழந்தைகள் காப்பகம் நடத்தினேன். வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள், சாயங்காலம் வந்து கூட்டிப் போவார்கள். நான் யாருக்கும் ஓர் எழுத்துக்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் தெருவே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. நானும் மறுக்கவில்லை, கேட்க நன்றாகத்தானே இருந்தது. துணைக்கு ஓர் அக்கா இருந்தார். மேலகரத்திலிருந்து நடந்தே வருவார். எந்தப் பிள்ளை எப்போது அழும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். எனக்கு எப்போது கோபம் வரும் என்பதும் தெரியும்.

காப்பகம் தொடங்குவதற்கு முன் திருநெல்வேலியில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன செய்யவே கூடாது என்று ஓர் அம்மா எங்களுக்கு வகுப்பு எடுத்தார். திரும்பி வந்ததும் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர், "நாங்கல்லாம் ஒன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் தும்மணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முழங்கையை மடக்கி அதற்குள் தும்ம வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்தேன்.

வருகிறவர் யாராக இருந்தாலும் வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிள்ளையின் முகத்தில் முத்தம் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் அடித்தால் அன்றைக்குக் கொண்டுவரக் கூடாது. இவ்வளவையும் எல்லா ஊரிலும் சொல்லலாம். எங்கள் ஊரில் கூடுதலாக ஒரு சண்டை இருந்தது. அது தண்ணீர்ச் சண்டை. குற்றாலத்து அருவித் தண்ணீர் மூலிகைகளைத் தொட்டுக்கொண்டு வருகிறது, அதைக் காய்ச்சினால் சத்து போய்விடும் என்று இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள். சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்ததும் பிள்ளைகளின் பையில் அருவித் தண்ணீர் பாட்டில்கள் வந்துவிடும்.

"காய்ச்சாம குடுங்க டீச்சர், அது மருந்து" என்பார்கள்.

"மேல ஆயிரம் பேரு எண்ணெய் தேச்சுக் குளிக்குதாவ. அதுவும் மருந்தா?" என்று கேட்பேன்.

கோபித்துக்கொண்டு போவார்கள். மறுநாள் வந்துவிடுவார்கள். வேறு காப்பகம் பக்கத்தில் இல்லை.

கழுத்துக் கயிறு, கையில் வசம்பு வளையல், அரைஞாணில் கோத்த தாயத்து எல்லாமே எனக்குப் பகை. கழுத்தை இறுக்கும், அல்லது கழன்று வாய்க்குள் போகும். இந்து வீட்டுப் பிள்ளை, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை என்ற வித்தியாசம் தாயத்துக்குக் கிடையாது. காலையில் கழற்றி வைப்பேன், சாயங்காலம் அம்மா வருவதற்குள் அக்கா திரும்பக் கட்டிவிடுவார். கண்ணேறு பகலில் விடுப்பு எடுத்துக்கொள்ளும் என்று நாங்கள் இருவரும் பேசிச் சிரித்துக்கொள்வோம்.

சாரல் மாதங்களில் துணி காயாது. வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும், கொடியில் போட்டுவிட்டு உள்ளே வருவதற்குள் பூவாய்த் தூறும். ஈரத்துணியைப் பிள்ளைக்குப் போட்டால் அரிப்பு வரும் என்று ஒவ்வொன்றையும் அக்கா இஸ்திரி போட்டு எடுப்பார். அந்த வெதுவெதுப்பான துணியைச் சுற்றிப் படுக்கப் போட்டதும் பிள்ளைகள் கண்ணை மூடிவிடும். வெளியே தூறல், உள்ளே பிள்ளைகளின் மூச்சு. அந்த மத்தியான நேரத்துக்காகவே இன்னொரு தடவை அந்தக் காலத்துக்குப் போய்விட்டு வரலாம் போல இருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கும் தூக்கம் சொக்கும். பிள்ளைகள் தூங்கும்போது பார்த்துக்கொள்கிறவர் தூங்கக் கூடாது என்பதும் ஒரு விதி. நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

முன்வாசலில் போர்ட்டிகோ, அதைத் தாண்டிக் கிரில் கதவு. கிரில் போட்டது குரங்குகளுக்காக. குற்றாலத்துக் குரங்குகளுக்கு எங்கள் தெரு ஒன்றும் தூரமில்லை. பிள்ளை கையில் இருக்கிற பிஸ்கட்டைப் பறிக்கிற சாக்கில் பிராண்டிவிடும். பிறகு குரங்குக்கு வைத்த கிரில்லே மனிதர்களுக்கும் ஆயிற்று. வெளியாள் யாரும் பிள்ளைகள் இருக்கிற அறைக்குள் வரக் கூடாது. இதற்கெல்லாம் மேலே ஒரு விதி. காலையில் விடும்போது, சாயங்காலம் யார் வந்து கூட்டிப் போவார்கள் என்று அம்மா வாயால் சொல்ல வேண்டும். அவர் சொன்ன ஆளைத் தவிர வேறு யார் வந்து நின்றாலும் பிள்ளை கிரில்லைத் தாண்டாது.

இந்த விதிக்குத்தான் ஊர் ரொம்பச் சிரித்தது. இங்கே எல்லாருக்கும் எல்லாரும் சொந்தம். சித்தப்பா வருவார், எதிர்வீட்டு அண்ணாச்சி வருவார், போகிற வழியில் ஆட்டோக்காரர்கூட, "நான் அந்தத் தெருவுக்குத்தான் போறேன், ஏத்திட்டுப் போயிருதேன்" என்பார். எல்லாருக்கும் ஒரே பதில்தான். "அம்மாவ போன் பண்ணச் சொல்லுங்க." தொடங்கிய புதிதில் ஒரு நாள், மனைவியோடு சண்டை போட்டுக்கொண்ட ஒருவர், அவளுக்குத் தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வந்தார். கையில் பொம்மை, வாய் நிறையச் சிரிப்பு. அன்றைக்கு நான் தற்செயலாக அம்மாவுக்குப் போன் போட்டதால் தப்பித்தோம். அதற்குப் பிறகு யார் சிரித்தாலும் நான் கறாராகத்தான் இருந்தேன்.

அப்படியிருந்த வருஷங்களில்தான் அந்தப் பெண் குழந்தை வந்தாள். உம்மா ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். வாப்பா சவூதியில். பிள்ளை பிறந்தபோது வந்தவர், பிள்ளைக்கு நாற்பதாம் நாள் கழியும் முன்னே லீவு முடிந்து போய்விட்டார். காப்பகத்துக்கு வந்தபோது அவளுக்குப் பேச்சு வரத் தொடங்கியிருந்தது. உருண்டையான மூக்கு. சோறு வேண்டாம் என்றால் அந்த மூக்கைச் சுருக்கிக் காட்டுவாள், அவ்வளவுதான், மலையே வந்தாலும் வாய் திறக்காது.

அவள் உம்மா தினமும் ஒன்று கேட்பாள். "டீச்சர், ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அவங்க பாக்கணும்னு சொல்லுதாங்க." நானும் அனுப்புவேன். சாப்பிடும்போது, தூங்கும்போது, கை கழுவ மறுத்து அழும்போது. போட்டோ என் போனிலிருந்து உம்மா போனுக்குப் போகும், அங்கிருந்து சவூதிக்குப் போகும். "வாப்பா எங்க?" என்று அக்கா கேட்டால் பிள்ளை என் கையிலிருக்கும் போனைக் காட்டும். நாங்கள் சிரிப்போம். அந்த வயதில் அவளுக்குத் தெரிந்த வாப்பா உள்ளங்கை அளவுதான் இருந்தார்.

ஒரு சாரல் நாள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற நேரம். வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. வண்டியின் தலையில் பெட்டிகள், நைலான் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டி ஒன்று. கசங்கிய வெள்ளைச் சட்டையோடு ஒருவர் இறங்கி வந்தார். அவருக்கு முன்னால் அத்தர் வாசனை வந்தது.

"டீச்சர்தானே நீங்க?" என்றார் கிரில்லைப் பிடித்துக்கொண்டு. "எம் புள்ளயக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"எந்தப் புள்ள?"

அவர் சிரித்தார். கம்பி இடுக்கு வழியாகக் கையை நீட்டி, மூன்றாவது பாயில் உட்கார்ந்திருந்தவளைக் காட்டினார். "அது அவ பாயிதானே? ஜன்னலுக்குப் பக்கத்துல. அந்தச் சுவத்துல ஒரு யானப் படம் இருக்கணுமே... ஆங், இருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "எல்லாம் நீங்க அனுப்புன போட்டோல பாத்ததுதான்" என்றார்.

யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் சொல்லாவிட்டாலும் புரிந்திருக்கும். பிள்ளையின் மூக்கு அப்படியே அந்த முகத்தில் இருந்தது.

திருவனந்தபுரத்தில் இறங்கி நேராக வருகிறார். இந்த வருஷம் லீவு கிடைக்காது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறார். வளைகுடாவிலிருந்து சொல்லாமல் வந்து நிற்பது எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். முதலில் பிள்ளையை வாங்கிக்கொண்டு, அதை இடுப்பில் வைத்தபடி பள்ளிக்கூட வாசலில் போய் மனைவி முன்னால் நிற்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். விமானத்தில் தூங்கவேயில்லையாம், இதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாராம். சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"உங்க வீட்டுல காலைல எங்கிட்ட சொல்லலியே" என்றேன்.

"அவளுக்கே தெரியாதே டீச்சர்! தெரிஞ்சா அது என்ன சர்ப்ரைஸ்?"

"அவங்க சொல்லாம நான் புள்ளயக் குடுக்க மாட்டேன்."

அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். கல்யாணப் படம் காட்டினார். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் எழுதியிருந்த தன் பெயரைக் காட்டினார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற டாக்சிக்காரர் தன் பங்குக்கு இறங்கி வந்தார்.

"சேச்சி, ஞான் ஏர்போர்ட்டுல இருந்து நேரா கூட்டிட்டு வாறேன். வழி முழுக்கப் புள்ள பேச்சுத்தான். நல்ல மனுஷனாக்கும்."

"நல்ல மனுஷன் இல்லன்னு நான் சொல்லவே இல்லயே" என்றேன்.

அவர்தான் வாப்பா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாப்பா என்று தெரிவது வேறு, உம்மாவுக்குத் தெரிந்து வந்திருக்கிறார் என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பொம்மையோடு வந்த அந்த மனிதரிடம் நான் படித்திருந்தேன். ஒருவர் முகத்தைப் பார்த்து விதியைத் தளர்த்தினால் அது விதியே இல்லை, என் இஷ்டம். என் இஷ்டத்தை நம்பியா இத்தனை பேர் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறார்கள்?

அவள் உம்மாவுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. அந்தப் பள்ளியில் வகுப்பு முடிகிற வரை டீச்சர்கள் போனை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். "ஸ்கூல் ஆபீசுக்குப் பேசுதேன்" என்று நான் எண்ணைத் தேடியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"வேண்டாம் டீச்சர். ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து கூப்பிட்டா அவ உயிரே போயிரும். எனக்கு அங்க என்னமோ ஆயிட்டுன்னுதான் நெனைப்பா."

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் கணவன் வளைகுடாவில் இருக்கிற எந்தப் பெண்ணையும் வேலை நடுவில் இப்படிக் கூப்பிட்டுவிடக் கூடாது. போனைக் கீழே வைத்தேன்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. ஸ்கூல் விட்டு அவங்க இங்கனதான் வருவாங்க. அது வரைக்கும் நீங்க இந்தப் போர்ட்டிகோவுல உக்காந்திருங்க. புள்ள கிரில்லுக்கு இந்தப் பக்கந்தான் இருப்பா."

"எம் புள்ளயப் பாக்க நான் வெளிய உக்காரணுமா?" அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. கம்பியை விட்டுவிட்டுப் பின்னால் போனார். டாக்சிக்குள் ஏறிவிடுவார் என்று நினைத்தேன். பிறகு பெட்டிகளை இறக்கச் சொன்னார். டாக்சிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அக்கா பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு போட்டார். என்னிடம் மெல்ல, "பாவம் டீச்சர், முகம் சுருங்கிப் போச்சு" என்றார். எனக்கு மட்டும் பாவமாக இல்லையா? அதைக் காட்டிக்கொள்ளாமல், "கை கழுவச் சொல்லுங்க" என்றேன்.

அவர் கழுவினார். கம்பி அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பிள்ளையைக் கூப்பிட்டார். "செல்லம், யாரு வந்திருக்கா பாரு. வாப்பா வந்திருக்கேன்." பிள்ளை ஒரு முறை பார்த்தாள். எழுந்து போய் அக்காவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். "வாப்பாட்ட போ" என்று அக்கா தள்ளியதும் அழத் தொடங்கிவிட்டாள். அழுதுகொண்டே என் கையிலிருந்த போனைக் காட்டி, "வாப்பா அங்கன" என்றாள். எத்தனையோ தடவை நாங்கள் சிரித்த விஷயம்தான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு அட்டைப்பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

பெட்டியைத் திறந்து என்ன எடுத்தார் தெரியுமா? பாதாம், பிஸ்தா. பிள்ளைகள் எல்லாம் கம்பி ஓரம் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கை நீண்டது. அவர் பாசமாக ஒவ்வொரு கையிலும் ஒன்று வைக்கப் போனார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"தொண்டையில சிக்குனா என்ன செய்விய? இந்த வயசுப் புள்ளைக்குக் கொட்டையா குடுப்பாவ?"

எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்பப் பெட்டியில் போட்டேன். ஒரு மனிதரை வாசலில் உட்கார வைத்தது போதாதென்று பிள்ளைகள் முன்னால் திட்டவும் செய்தாயிற்று. அக்கா அவருக்கும் பிள்ளைகளுக்குச் செய்த சோற்றையே போட்டுக் கொடுத்தார், காரமில்லாத பருப்புச் சோறு. கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் சாப்பிட, இந்தப் பக்கம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அவருடைய மகளும் பார்த்தாள். அன்றைக்கு அவள் மூக்கைச் சுருக்கவில்லை, தட்டு காலியாயிற்று.

தூங்க வைக்கும் நேரம் வந்தது. அவர் அசையாமல் பிள்ளை தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரல் காற்றில் தூவானம் அடித்து அவர் சட்டை ஒரு பக்கம் நனைந்திருந்தது. துண்டு கொடுத்தேன்.

"போட்டோல தூங்கும்போது சத்தம் கேக்காதுல்ல" என்றார் என்னைப் பார்க்காமலே. "லேசா கொறட்ட விடுதா."

"சளி பிடிச்சிருக்கு. ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றேன்.

விழித்ததும் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுப்போம். அவள் தன் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே கிரில் பக்கம் போனாள். ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை. ஒரு முறை கூப்பிட்டு அழ வைத்தது போதும் என்று நினைத்திருப்பார். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எச்சில் வழிந்த பாதி பிஸ்கட்டைக் கம்பி இடுக்கில் நீட்டினாள். அவர் வாங்கி அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். எச்சில் பண்டத்தைப் பகிரக் கூடாது என்பது என் விதிகளில் ஒன்று. நான் ஜன்னலைப் பார்ப்பது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உம்மா வந்தபோது மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தியதும் அவள் கண்ணில் முதலில் பட்டது பெட்டிகள். அப்புறம்தான் அவர். சர்ப்ரைஸ் என்று அவர் அவ்வளவு தூரம் சுமந்து வந்தாரே, அவள் கேட்ட முதல் கேள்வி, "வேல போயிட்டா?" என்பதுதான். இல்லை, லீவு என்று அவர் சொல்ல, நிஜமாகவா என்று கேட்டவள் நனைந்த கோட்டோடு படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு சிரித்தாள்.

"நீங்க சொன்னா போதும்" என்று நான் கிரில்லைத் திறந்தேன். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

"பெத்த வாப்பாவ இவ்ளோ நேரம் வெளியவா உக்கார வச்சிய? என்ன டீச்சர் நீங்க! அந்நியரா அவங்க?"

நான் பிள்ளையைத் தூக்கி அவளிடம் நீட்டினேன். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளை உம்மாவின் தோளில் ஏறிக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தபடியே போனாள். தெருவில் இரண்டு நாள் இதுதான் பேச்சு. பெற்ற தகப்பனிடம் பிள்ளையைக் கொடுக்காதவள் என்று எனக்குப் பேர் வந்தது. என் வீட்டுக்காரர்கூட, "கொஞ்சம் பாத்துப் பண்ணியிருக்கலாம்" என்றார். பார்த்துத்தானே பண்ணினேன்?

அடுத்த நாள் பிள்ளை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வாப்பா வீட்டில் இருக்கிறார், எதற்காக வரவேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அக்கா மூன்றாவது பாயை மடித்து வைக்கப் போனபோது, கிடக்கட்டும் என்று கத்தினேன். அந்த வீட்டோடு உறவு முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை ஐந்தருவிக்குக் கூட்டிப் போயிருந்தேன். குளித்துவிட்டு வருகிற கூட்டத்தில் அவர்களைப் பார்த்தேன். அவர் ரம்புட்டான் வாங்கித் தோலை உரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் தோளில், தலை ஈரம். நான் பழக்கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவர் பழத்தைப் பிட்டு, கொட்டையை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, சதையைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி அவள் வாயில் வைத்தார். அப்படியும் என்னைப் பார்த்துவிட்டார்.

"கொட்டய எடுத்துட்டேன் டீச்சர்!" என்று அத்தனை கூட்டத்திலும் சத்தமாகச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற மனைவி முதலில் முகத்தைத் திருப்பினாள், பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். "தலையத் துவட்டுங்க, சளி கட்டப் போவுது" என்று பதிலுக்குக் கத்தினேன். அது யார் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நம்ம வீட்டுப் பிள்ளை என்றேன்.

லீவு முடிந்தது. காலையில் உம்மா போன் செய்தாள். "டீச்சர், இன்னைக்கு அவங்க கொண்டு வந்து விடுவாங்க. காரு வரும்போது அவ வீட்டுல இருந்தா தாங்க மாட்டா." அவள் சொல்லாமல் சொன்னது எனக்குப் புரிந்தது. பிள்ளையை இங்கே விட்டுவிட்டு வீடு திரும்பியதும் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறார்.

அவர் வந்தார். நான் சொல்லும் முன்னே குழாயில் கை கழுவினார், பிள்ளையின் கையையும் கழுவிவிட்டார். கிரில்லைத் திறந்து நான் கை நீட்டினேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் என் கையைப் பார்த்ததும் அவர் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு எப்படித்தான் தெரியுமோ. "பாய் போட்டு வச்சிருக்கேன், வா" என்றேன். வரமாட்டேன் என்று முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டாள்.

"நீங்களே வாங்கிக்கிடுங்க டீச்சர். என்னால பிரிக்க முடியாது" என்றார் அவர்.

நான்தான் பிரித்தேன். சட்டைக் காலரைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், நகம் மடங்காமல். பிள்ளையைத் தூக்குவது, படுக்க வைப்பது, தொண்டையில் சிக்கியதை எடுப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். இதை யாரும் சொல்லித் தரவில்லை.

"அவ உம்மா சொல்லாம யாருக்கும் குடுத்துராதிய" என்றார். "நானே வந்து நின்னாலும்."

தலையை ஆட்டினேன். அவர் வாசல் கேட்டைத் தாண்டிப் போனார். பிள்ளை என் இடுப்பில் துள்ளித் துள்ளி, கம்பி வழியே இரண்டு கையையும் நீட்டி, தெருவே கேட்கும்படி வாப்பா வாப்பா என்று கத்தினாள். போனைக் காட்டவில்லை, அவரைப் பார்த்துத்தான் கத்தினாள். அவருக்கும் கேட்டிருக்கும். அவர் நடையை வேகமாக்கினார், திரும்பவேயில்லை. நான் ஒரு கையால் கிரில்லைப் பூட்டிச் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் மட்டும் அவர் ஒரு தடவை திரும்பி வந்து கேட்டிருந்தால், யாரிடமும் கேட்காமல் கொடுத்திருப்பேன்.